ரிலீவர் வராத மத்தியானம்

எங்கள் மேனேஜரிடம் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் இருந்தது. "ஐ ஆம் கவுண்டிங் ஆன் யூ." லோடுக்கு லாரி நிற்கும்போது சொல்வார், ஆள் குறையும்போது சொல்வார், தீபாவளிக்கு முந்தின நாள் லீவு கேட்டுப் போய் நின்றால் கட்டாயம் சொல்வார். சொல்லும்போது நம் தோளில் லேசாக ஒரு தட்டு தட்டுவார். தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். 

முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது நான் ஆபீசில் கணக்கு எழுதுகிறவரிடம் போய் அர்த்தம் கேட்டேன். "உன்னை நம்பித்தான் இருக்கேன்னு அர்த்தம்பா" என்றார். பேனாவை மூடிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, "லீவு கிடையாதுன்னும் அர்த்தம்" என்றார்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் 'உன்னை நம்பித்தான் இருக்கேன்' என்று யார் சொல்வார்கள்? சேற்றில் மாடு மாட்டிக்கொண்டவள் சொல்வாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் மெட்ராசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுச் சொல்வான். வேறு வழி இல்லாதவன் வழி உள்ளவனிடம் சொல்கிற பேச்சு அது. சொல்கிறவன் கை தன்னால் குவியும். கேட்கிறவன் இல்லை என்று சொல்ல முடியாமல் அசடு வழிவான், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் படுவான். மேனேஜர் சொன்னது தலைகீழாக இருந்தது. கம்பெனி அவருடையதுபோல, லாரி அவருடையதுபோல, கேட்டைத் திறந்துகொண்டு எப்போது வேண்டுமானாலும் வெளியே போகக்கூடிய ஒருவர், போக முடியாத என்னிடம் சொன்னார். தமிழில் சொல்லியிருந்தால் அவரும் கையைக் கூப்ப வேண்டியிருந்திருக்கும். அதனால்தான் இங்கிலீஷில் வைத்துக்கொண்டார் என்று எனக்கு ஒரு எண்ணம். அவரைப் பிடிக்காததால் வந்த எண்ணமாகவும் இருக்கலாம்.

இது நடந்தது தொண்ணூற்றொன்றில். அந்த வருஷக் கோடையில் ஸ்ரீபெரும்புதூர் என்கிற பெயர் உலகத்துப் பேப்பர் எல்லாவற்றிலும் வந்தது. அதற்குப் பிறகு எங்கே போய் ஊர்ப் பேரைச் சொன்னாலும், ஓ அந்தப் பக்கமா என்று ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை. அதே வருஷம், மழைக்காலம் பிடித்த பிறகு, எங்கள் கம்பெனி பாய்லர் முன்னால் நான் நின்றுகொண்டிருந்த ஒரு மத்தியானத்தைப் பற்றி.

கம்பெனி ஒரகடத்துக்குச் சற்று முன்னால், ரோட்டிலிருந்து உள்ளடங்கி இருந்தது. பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கி அட்டை செய்வார்கள். ஈர அட்டை சூடான உருளைகளின் மேல் ஓடி உலர வேண்டும். உருளைகளுக்குச் சூடு கொடுக்கிற நீராவி எங்கள் பாய்லரிலிருந்து போகும். சவுக்குக் கட்டையும் வேலிகாத்தானும் போட்டு எரிக்கிற பாய்லர். தீயைப் பார்த்துக் கட்டை போடுவதற்கு ஃபயர்மேன் என்று ஒருவர் உண்டு. ஆனால் பாய்லருக்குப் பொறுப்பு, பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வாங்கிய எங்களைப் போன்ற ஆள்தான். அடுப்பில் தீ இருக்கும்வரை எங்களில் ஒருத்தன் அங்கே நிற்க வேண்டும். அது சட்டம். சட்டத்தை விடுங்கள், பாய்லருக்குள் தண்ணீர் மட்டம் இறங்கிப் போய், அது தெரியாமல் தீ எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஷெட்டே இருக்காது. பக்கத்தில் பேப்பர் பொறுக்குகிற பெண்கள் வேறு உட்கார்ந்திருப்பார்கள்.

சர்ட்டிபிகேட் உள்ளவர்கள் மூன்று பேர். மூன்று ஷிஃப்ட். நாலாவது ஆள் போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போயிற்று. அதனால் எங்களுக்கு ஷிஃப்ட் முடிவது சங்கு ஊதும்போது இல்லை. ரிலீவர் வரும்போதுதான். அவன் வந்து, பாய்லர் முகப்பில் இருக்கிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, நான் அந்தக் குழாயை அவன் கண்ணெதிரே திறந்து வடித்து மூடி, தண்ணீர் மறுபடி ஏறி நிற்பதைக் காட்டி, அவன் தலையாட்டினால்தான் நான் என் டிபன் பாக்ஸைத் தொடலாம். இதை யாரும் எங்களுக்கு உத்தரவு போட்டுச் சொல்லவில்லை. அப்படி ஒரு பழக்கம்.

அந்த மாதம் எனக்குக் காலை ஷிஃப்ட். என்னை மாற்றிவிட வருகிறவன் குன்றத்தூர்க்காரன். பஸ்ஸில் படப்பைக்கு வந்து, அங்கே சைக்கிள் கடையில் விட்டு வைத்திருக்கிற தன் சைக்கிளை எடுத்து மிதித்துக்கொண்டு வருவான். ஒல்லியான ஆள். பேச்சு குறைவு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பான். என்னைவிட நாலு வயசு பெரியவன் என்றாலும் வா போ என்றுதான் பேசிக்கொள்வோம். எங்களுக்குள் இருந்தது சிநேகமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாளைக்கு ஐந்து பத்து நிமிஷம் பார்த்துக்கொள்கிறவர்கள் என்ன சிநேகம் பண்ண முடியும்? அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போக முடியாது, அன்றைக்கு அவன் ஷிஃப்டையும் சேர்த்து நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் என் கல்யாணத்துக்கு அவன் வராததும் அதனால்தான். அவன் வீட்டு விசேஷம் எனக்கு டபுள் ஷிஃப்ட், என் வீட்டு விசேஷம் அவனுக்கு. மேனேஜருடைய வாக்கியம் எங்களுக்குள் எந்த பாஷையிலும் வந்தது கிடையாது.

எங்கள் வீடு சேரப்பணஞ்சேரியில், ரோட்டு ஓரத்தில். அவன் வருகிற வழி. சைக்கிளைப் புளிய மரத்தில் சாய்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் ஏறுவான். அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன், அவனும் நைனா என்றே கூப்பிடுவான். நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆள் அடையாளம் தெரியாது, துணி நிறம் தெரியும். கம்பெனி எங்களுக்குக் காக்கிச் சட்டை கொடுத்திருந்தது. காக்கியைப் பார்த்தால் நைனா, "வந்துட்டியாடா?" என்பார். "நான் அவன் இல்ல நைனா, அவன மாத்தி வுடப் போறவன்" என்று இவன் சொல்வான். கண் ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். லீவு கிடைத்தால் போவதாக இருந்தோம்.

அன்றைக்கு முந்தின ராத்திரியே நைனாவுக்கு இழுப்பு. படுக்க முடியவில்லை. சுருட்டி வைத்த பாயில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும்வரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். விடிந்தும் விடியாமலும் நான் சட்டையை மாட்டும்போது அம்மா, "இன்னிக்கிப் போவணுமா?" என்று கேட்டாள். போகாமல் இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே ராத்திரி ஷிஃப்ட்காரன் நிற்கிறான். ராவெல்லாம் தீயைப் பார்த்த கண்ணோடு நான் வருவேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப போன் கிடையாது, ஆள் கிடையாது. நான் போகாவிட்டால் அவன் வீட்டுக்குப் போக முடியாது. 

நைனா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னேன். "ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியுது நைனா. நேரா வந்து தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். அதுவரிக்கும் வெந்நீர் குடிச்சிக்கினு இரு."

"வருவ இல்ல?"

"வராம?"

 சரி என்று தலையை ஆட்டினார். பேசினால் மூச்சு செலவாகும் என்று அவருக்கு இருந்திருக்கும்.

அன்றைக்குக் காலைப் பொழுதை எப்படித் தள்ளினேன் என்று சொல்லப் போவதில்லை. ஒன்றரைக்கே டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டேன். இரண்டு மணிச் சங்கு ஊதியது. மெஷின் ஆட்கள் மாறினார்கள். பேப்பர் பொறுக்குகிற பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். ஷெட் வாசலில் நின்றால் கேட் தெரியும். கேட்டில் புதிதாக யாரும் இல்லை.

முதலில் பஸ் லேட் என்று நினைத்தேன். அப்புறம் சைக்கிள் பஞ்சர் என்று நினைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, எங்கேயாவது ஒதுங்கி நிற்பான் என்றும் நினைத்தேன். ஒவ்வொரு காரணமாகக் கண்டுபிடித்து அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காரணங்கள் தீர்ந்ததும் கோபம் வந்தது. வருஷக்கணக்கில் ஒரு நாள் தவறாதவன், எனக்கு வேண்டிய இந்த ஒரு நாள் பார்த்து வரவில்லை. அவனையும், அவன் குடும்பத்தையும், குன்றத்தூர் மலையையும் சேர்த்துத் திட்டினேன். வாய்விட்டேதான். ஃபயர்மேன் கட்டையைத் தூக்கியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஃபயர்மேனுக்கு ஐம்பது வயசிருக்கும். நல்ல மனுஷன், நல்ல உழைப்பாளி, தண்ணீர் மட்டம் என்றால் மட்டும் பயம். அந்தக் கண்ணாடிக் குழாய்ப் பக்கமே வர மாட்டார், முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒன்று வெடித்து முகத்தில் சிதறியதைப் பார்த்தவர். நைனா விஷயத்தைக் காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். அவர்தான் வந்து சொன்னார். 

"நீ போ தம்பி. நான் பாத்துக்கறேன். நைனாவ இட்டுக்கினு போய்ச் சேத்துட்டு வா."

"கரண்ட் போச்சின்னா இன்னா பண்ணுவீங்கண்ணே?"

 என் மேல் இரக்கப்பட்டுச் சொன்ன ஒரு ஆளிடம், உங்களை நம்ப முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதாகிவிட்டது. அப்படிச் சொல்லாமல் சொன்னேன். அவர் போய்க் கட்டையை எடுத்துத் தீயில் போட்டார், வழக்கத்தைவிட ஓங்கிப் போட்டதுபோல் எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போகவும் செய்தது. மழைக்காலத்தில் அது எங்கள் பக்கம் அதிசயம் இல்லை. கரண்ட் போனால் தண்ணீர் ஏற்றுகிற பம்பு நின்றுவிடும், தீ நிற்காது. அதற்காக நீராவியாலேயே தண்ணீரை உள்ளே தள்ளுகிற இன்ஜெக்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது முதல் தடவையிலேயே பிடித்ததாகச் சரித்திரம் கிடையாது. வால்வை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஈரச்சாக்கைப் போட்டுக் குளிர்வித்து, மறுபடி திருப்பிக் கெஞ்ச வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்கிறது, நான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பிடித்தது. நான் இரண்டு மணிக்கே கிளம்பிப் போயிருந்தால் ஷெட் இருந்திருக்காது. ஆனால் அதனால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. நின்றது சரிதான் என்று தெரிவதால் நிற்கிறவனுக்கு என்ன கிடைக்கும்? நைனாவுக்கு மூச்சா கிடைக்கும்?

கரண்ட் வந்ததும் மேனேஜர் வந்தார். நிலவரம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். உடனே மொபெட்டில் ஒருவனை மூன்றாவது ஆளான ராத்திரி ஷிஃப்ட்காரன் வீட்டுக்கு, வாலாஜாபாத் பக்கம், அனுப்பினார். கம்பெனி வேன் மெட்ராசுக்குப் போயிருந்தது, வந்ததும் உன் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். மொபெட்காரன் நனைந்துகொண்டு திரும்பி வந்து வீடு பூட்டியிருக்கிறது, ஏதோ விசேஷத்துக்குப் போயிருக்கிறார்களாம் என்றான். வேன் வரவில்லை.

"சார், தீயை இறக்கிடறேன் சார்" என்றேன். தீயை இறக்கினாலும் செங்கல் சுவரில் இருக்கிற சூடு அடங்க நேரம் பிடிக்கும், அதுவரை நான் நின்றுதான் ஆகவேண்டும். இருந்தாலும் ஒரு முடிவாவது கண்ணுக்குத் தெரியும்.

மேனேஜர் மெஷின் பக்கம் பார்த்தார். அட்டை ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இரண்டு லாரி தார்ப்பாய் போட்டு நின்றிருந்தது. என்னிடம் திரும்பி, "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். அவர் வந்துடுவார். ஐ ஆம் கவுண்டிங் ஆன் யூ" என்றார். கை என் தோளுக்கு வந்தது.

"எங்க நைனாவும் அதையேதான் சார் சொல்லிக்கினு ஒக்காந்திருக்காரு" என்றேன்.

கத்தித்தான் சொன்னேன். கம்பெனியில் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கை தோளைத் தொடாமலேயே திரும்பிப் போயிற்று. முகத்தில் கோபம் இல்லை, என்ன செய்வது என்று தெரியாத ஒரு முழிப்பு இருந்தது. "புரியுதுப்பா" என்றார் தமிழில். புரிந்து என்ன செய்வது? அவரும் யாரோ ஒரு முதலாளிக்கு, லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தவர்தான். குடையை விரித்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

நாலு மணி வாக்கில் டீக்காரர் வந்தார். ரோட்டுக் கடையிலிருந்து சைக்கிளில் பெரிய பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு வருகிறவர். ஷெட்டுக்குள் நுழைந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாபா, நீ இங்க நிக்கற?"

"ரிலீவர் வரல."

"இல்லபா, உங்க நைனாவ ஜல்லி லாரில ஏத்திக்கினு தாம்பரம் போனாங்கன்னு உங்க ஊராளுங்க கடைல பேசிக்கினாங்களே. பையன்தான் தோள்ல சாச்சிக்கினு போறான், நைனா அவன் கையக் கெட்டியா புடிச்சிக்கினு கீறாருன்னாங்க. நீ போயிட்டேன்னு இல்ல நெனச்சேன்?"

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. வீட்டில் நான் ஒருத்தன்தான் பையன்.

"இன்னா கலர் சட்டைன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன். டீக்காரர் விழித்தார். "உன்ன மாதிரி காக்கிதான் போட்டுக்கினு இருந்தானாம்" என்றார். கேட்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பின்னால் அம்மா சொல்லித்தான் முழுவதும் தெரியும், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்தியானத்துக்கு முன்பே இழுப்பு அதிகமாகி, அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நைனா மறுத்துவிட்டார். "அவன் ரெண்டு மணிக்கு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று அதையே சொல்லியிருக்கிறார். தூக்க வந்தவர்களின் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். நான் வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, வருகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவர்களோடு போயிருப்பார். அந்த நேரத்தில்தான் குன்றத்தூர்க்காரன் தண்ணீர் குடிக்க சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். காக்கி தெரிந்திருக்கிறது. "வந்துட்டியாடா" என்று நைனா கையை நீட்டியிருக்கிறார். இவன் அன்றைக்கு, நான் அவன் இல்ல நைனா என்று சொல்லவில்லை. ரோட்டுக்கு ஓடிப் போய் ஒரு ஜல்லி லாரியை மடக்கி நிறுத்தி, திரும்பி வந்து, "வா நைனா, போலாம்" என்றிருக்கிறான். யாருக்கும் எழுந்திருக்காத மனுஷன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். லாரிக்குள் ஏறியதும் அவன் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. 

டீக்காரர் கிளாசை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த நிமிஷம் நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது ஒரு எரிச்சல். சாய்ந்திருக்க வேண்டிய என் தோளில் அவர் இல்லை, என் கை என்று நினைத்து வேறொருவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே ஒரு இரும்புப் பானைக்குக் காவல் நிற்கிறேன். அவன் செய்தது பெரிய காரியம், ஊரே சொல்லும். அந்தப் பெரிய காரியத்தைச் செய்கிற வாய்ப்பு என்னுடையது. இப்படியெல்லாம் யோசிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, யோசனை நிற்கவும் இல்லை.

டீ ஆறிப் போனது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இரண்டு மணியிலிருந்து அவன் வர வேண்டும், வர வேண்டும் என்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவன் வந்தால் என்ன அர்த்தம்? நைனாவை அங்கே தனியாக விட்டுவிட்டு வந்தான் என்று அர்த்தம். அம்மா கூடப் போயிருப்பாள், ஆனால் அவளுக்கு ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று தெரியாது. அவன் அங்கேயே இருக்க வேண்டும். அவன் அங்கே இருந்தால் நான் இங்கே இருக்க வேண்டும். நான் போக வேண்டும் என்றால் அவன் வர வேண்டும். வரக் கூடாது. ஒரே மூச்சில் வா என்றும் வராதே என்றும் ஒருத்தனை வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? சாமியைக் கும்பிடலாம் என்றாலும் என்ன கேட்டுக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்கினால் ஏற்றினேன். பிரஷர் குறைந்தால் கட்டை போடச் சொன்னேன். ஃபயர்மேன் போட்டார். நான் அப்படிக் கேட்டதை அவர் மறந்துவிட்டார் போலிருந்தது, ஒரு தடவை வந்து என் கையிலிருந்த கிளாசை வாங்கிக் கொட்டிவிட்டு, அவருடைய பிளாஸ்கிலிருந்து சுடச்சுடக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். மேனேஜர் இரண்டு தடவை ஷெட் வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். லாரிகள் லோடாகிக் கிளம்பிய சத்தம் கேட்டது.

வெளியே வெளிச்சம் குறைந்து, முற்றத்தில் லைட் போட்டார்கள். மழை விட்டிருந்தது. ஃபயர்மேன் சாம்பல் வாரிக்கொண்டு போய்க் கொட்டப் போனவர், கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"தோ வந்துட்டான்பா. வந்துட்டான். நீ கெளம்பு, கெளம்பு" என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

வாசலுக்கு வந்து பார்த்தேன். கேட்டைத் தாண்டி முற்றத்துச் சேற்றில் அவன் வந்துகொண்டிருந்தான். சைக்கிள் இல்லை, அது எங்கள் வீட்டுப் புளிய மரத்திலேயே சாய்ந்திருந்திருக்கும். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறான். சட்டையின் ஒரு தோள் மட்டும் கசங்கியிருந்தது. லேட்டாக வருகிறவன் ஓடி வருவான். அவன் நடந்து வந்தான். என்னைப் பார்த்ததும் நடை இன்னும் மெதுவானது.

"இன்னா இன்னும் நிக்கற, ஓடு" என்று ஃபயர்மேன் மறுபடியும் தள்ளினார். நான் நகரவில்லை. இனிமேல் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.  நைனா அவன் கையைப் பிடித்திருந்தார். அவராக விட்டால் ஒழிய, அந்தக் கையை உருவிக்கொண்டு வருகிற ஆள் இல்லை அவன்.